பரிசில் கடாநிலை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பரிசில் பெறுதல் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. கொடுப்பவன் காலம் நீட்டித்தபோது, தன் வறுமையையும் தன் பெருமையையும் ஒருசேர எடுத்துரைத்துப் புலவன் பரிசில் வேண்டி நிற்பதைப் 'பரிசில் கடாநிலை' என்னும் துறையாகவே புறத்திணை வகுத்துள்ளது. இன்று பல்கலைக்கழகங்களில் தமிழும் பிற மொழிகளும் மொழியியலும் பயிலும் மாணவர் பலர் நிற்பதும் இத்துறையில்தான். ஒரு வேறுபாடு உண்டு. அன்றைய புலவன் பாட்டால் கடாவினான். இன்றைய மாணவன் விண்ணப்பத்தாலும் சான்றிதழ் நகல்களாலும் கடாவுகிறான்.

புறநானூறு மற்றொரு செய்தியையும் வைத்திருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி தன்னை நேரிற் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். சிறிதாயினும் தன் தகுதியை அறிந்து தரும் பரிசிலே வேண்டும் என்பது அவர் கொள்கை. பொருள் தேவைப்படாதவர் அல்லர் அவர். அவருடைய வறுமையை அவர் பாடல்களே கூறும். ஆகவே பரிசில் என்பதில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, பசி தீர்க்கும் பொருள். மற்றொன்று, கற்றவனை அறிந்துகொள்ளும் கண். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தபோது மொழிக்கு விளைந்த நன்மை எது, ஒன்று குறைந்தபோது நேரும் இழப்பு எது என்பதை ஆராய்வது இந்நாளுக்குப் பொருத்தமாகும்.

உதவித்தொகை என்னும் சொல் வழங்குவதற்கு முன்பே அதன் பொருள் தமிழ்நாட்டில் வழங்கியது. 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்கச் சென்ற உ.வே. சாமிநாதையர், செல்வக் குடியிற் பிறந்தவர் அல்லர். மகனுடைய கல்விக்காக அவர் தந்தையார் ஊர் ஊராக அலைந்தார். 1876இல் ஆசிரியர் மறைந்தபின், திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் அம்மாணவரைக் கைவிடாது உணவும் உறைவிடமும் அளித்து ஆதரித்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் பணி ஏற்கும்வரை அந்த நிழல் அவருக்கு இருந்தது. 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. சங்க நூல்கள் பின்தொடர்ந்தன. உணவளித்த காலத்தில் எந்தப் பதிப்பும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு மாணவனுடைய ஆர்வம் மட்டுமே தெரிந்தது. அதை நம்பியே சோறு இடப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் மடத்தின் கொடை பல்கலைக்கழகத் தேர்வோடு இணைந்தது. அதற்குச் சிறந்த சான்று பேராசிரியர் மு. வரதராசனார். 1912இல் பிறந்த அவர், பள்ளியிறுதித் தேர்வுக்குப்பின் வட்ட அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தார். உடல்நலம் குன்றியதால் அப்பணியை விட்டார். முருகைய முதலியாரிடம் தமிழ் கற்று, 1935இல் வித்துவான் தேர்வெழுதி மாநிலத்திலேயே முதல்வராகத் தேறினார். அவ்வெற்றிக்காகத் திருப்பனந்தாள் மடம் அவருக்கு ஆயிரம் ரூபாய் பரிசளித்தது. ஒரு பள்ளித் தமிழாசிரியர் பல மாதங்கள் உழைத்தாலும் ஈட்ட இயலாத தொகை அது.

அந்த ஆயிரம் ரூபாயே ஒரு பேராசிரியரை உருவாக்கியது என்று கூறுவது மிகையாகும்; உழைப்பு அவருடையது. ஆயினும் எழுத்தர் பணியை இழந்த ஓர் இளைஞன் தமிழ் படித்தது வீண்போகவில்லை என்பதை ஊரறிய உரைத்தது அப்பரிசு. அவர் அவ்வாண்டே திருப்பத்தூரில் தமிழாசிரியரானார். 1939இல் கீழைமொழிப் பட்டம் பெற்றுப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1944இல் தமிழ் வினைச்சொற்களை ஆராய்ந்து முதுநிலைப் பட்டமும், 1948இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார். பின்னர் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அவருடைய 'மொழி நூல்', 'மொழி வரலாறு' ஆகியவற்றின் வாயிலாகவே மொழியியலின் அடிப்படைகளைத் தமிழில் முதன்முதலாக அறிந்த மாணவர் பலர். ஒரு மடத்தின் பரிசு சமய நூலாசிரியர் ஒருவரை அன்றி மொழிநூலாசிரியர் ஒருவரைச் சென்றடைந்தது நினைக்கத்தக்கது. கொடுத்தவர்கள் தங்களைப் பாடுமாறு கேட்கவில்லை. தேர்வில் முதன்மை ஒன்றையே கேட்டார்கள்.

மொழியியல் துறையின் வரலாற்றையும் நோக்கலாம். இந்தியாவில் தற்கால மொழியியல் வேரூன்றியது 1950களில். ராக்பெல்லர் அறக்கட்டளையின் பொருளுதவியோடு புனே தக்காணக் கல்லூரியை நடுவாகக் கொண்டு கோடைக்கால மொழியியல் பள்ளிகள் நடைபெற்றன. இலக்கியமும் இலக்கணமும் கற்று வந்த இளம் ஆசிரியர்கள் பேச்சொலியைக் குறியீட்டில் எழுதவும், எழுத்து வடிவமே இல்லாத மொழியை ஆராயவும் அங்கே பயின்றனர். அதே காலப் பகுதியில் அமெரிக்க நாட்டு இந்தியானா பல்கலைக்கழகம் சென்ற வ.அய். சுப்பிரமணியம், புறநானூற்றின் மொழியமைப்பை ஆராய்ந்து 1957இல் முனைவரானார். அவரே பின்னர்க் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையைத் தொடங்கினார். 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை, பல்கலைக்கழக நல்கைக் குழுவின் ஆதரவால் உயராய்வு மையமாக வளர்ந்தது.

அயலாரின் சான்று ஒன்றும் உண்டு. கனடா நாட்டில் 1904இல் பிறந்த மரே எமனோ, ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டில் பயின்றவர். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளை அம்மக்களிடமே கேட்டு எழுதினார். அக்களப்பணியின் பயன், பரோவுடன் இணைந்து 1961இல் அவர் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் விளங்குகிறது. இன்று ஒரு தமிழ்ச்சொல்லின் இனச்சொற்களைத் தேடும் எவரும் அந்நூலைப் புரட்டாமல் இருக்க இயலாது. உதவித்தொகையில் படித்த ஒரு மாணவரின் உழைப்பு, அவர் பிறவாத நாட்டின் மொழிகளுக்கு நிலையான செல்வமாயிற்று.

இனி, இற்றை நிலையைக் காண்போம். அரசுகள் எதுவுமே செய்யவில்லை என்று கூறுவது நன்றியன்று. பதினோராம் வகுப்பு மாணவர்க்கான தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு 2022இல் தொடங்கியது. தேர்ந்தெடுக்கப்படும் 1500 பேருக்கு மாதம் 1500 ரூபாய் இரண்டாண்டுகளுக்கு என்பது அதன் ஏற்பாடு. அரசுப் பள்ளியிற் படித்துக் கல்லூரி புகும் மாணவியர்க்கு 2022இல் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்க்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கின. முனைவர் பட்ட நிலையில், தேசியத் தகுதித் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெறுவோர்க்கு இளநிலை ஆய்வு நல்கை உண்டு. 2023 சனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலை ஆய்வு நல்கை 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பெற்றன. தமிழும் மொழியியலும் அத்தேர்வில் தனித்தனிப் பாடங்களாக உள்ளன.

தமிழ் 2004இல் செம்மொழியாக அறிவிக்கப்பெற்றபின் விருதுகளும் பெருகின. தொல்காப்பியர் விருது, குறள்பீட விருது ஆகியவை ஐந்து இலட்சம் ரூபாயும், முப்பது முதல் நாற்பது அகவைக்குட்பட்டோர்க்கான இளம் அறிஞர் விருது ஓர் இலட்சம் ரூபாயும் கொண்டு அமைந்தன. முப்பத்தைந்து அகவைக்குட்பட்ட படைப்பாளர்க்கு 2011 முதல் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் உண்டு.

இவ்வளவும் இருக்க, கடாநிலை ஏன் தொடர்கிறது? காரணங்கள் மூன்று.

முதலாவது, இடைவெளி. பள்ளியில் ஓர் ஊன்றுகோல், இளங்கலையில் ஓர் ஊன்றுகோல், முனைவர் பட்டத்தில் ஓர் ஊன்றுகோல் உண்டு. இடையிலுள்ள முதுகலையில் ஊன்றுவதற்கு உள்ளவை சில. 2023-24ஆம் கல்வியாண்டில் தொடங்கிய முதுகலைக்கான தேசிய உதவித்தொகை பத்தாயிரம் பேருக்கு உரியதாயினும், அது நாடு முழுமைக்கும் எல்லாத் துறைகளுக்கும் பொது. முதல் பட்டதாரியாகத் தமிழிலக்கியம் முடித்த மகளை இனி வேலைக்கு அனுப்புவதா, மேலே படிக்க வைப்பதா என்று குடும்பம் எண்ணும் காலமே அந்த இரண்டாண்டு. மொழித்துறைகள் தம் மாணவரை இழப்பதும் அந்த வாயிலில்தான்.

இரண்டாவது, இடவேறுபாடு. தகுதித் தேர்வில் நல்கை பெறாத முனைவர் பட்ட மாணவர்க்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000 ரூபாய் வழங்கும் ஏற்பாடு உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் இணைவுக் கல்லூரிகளிலும் பயில்வோர்க்கு அவ்வேற்பாடு இல்லை. ஒரே நூலை, ஒரே உழைப்போடு ஆராயும் இருவருள் ஒருவர் மாதந்தோறும் பெறுகிறார்; மற்றவர் மாலையில் தனிப்பயிற்சி நடத்திவிட்டு இரவில் சுவடியைப் புரட்டுகிறார்.

மூன்றாவது, காணாது ஈதல். தகுதித் தேர்வு 150 வினாக்களுக்கு விடை தெரிவுசெய்யும் முறையிலமைந்தது. நடுநிலை என்னும் வகையில் அது போற்றத்தக்கதே. யாருடைய பரிந்துரையும் அங்கே செல்லாது. ஆயினும் ஒரு பாடவேறுபாட்டை உணரும் நுண்மையையும், மலையூரில் ஒரு முதியவளின் சொல்லைப் பொறுமையோடு கேட்டுப் பதியும் செவியையும் அத்தேர்வு காண்பதில்லை. விருதுகளோ, பணி முடிந்தபின் காண்பவை. தொடங்குகிறவனைக் காணும் கண்ணே குறைந்துள்ளது.

அந்தக் கண் இலக்கிய வட்டங்களுக்கு உண்டு. பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிவரும் ஓர் அவையில் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்கும் மாணவர் யார், கவியரங்கில் திருத்திச் சொன்னதை மறுமுறை மறவாமல் வருபவர் யார் என்பதை அவையினர் அறிவர். பல்கலைக்கழக நல்கைக் குழு அறிய முடியாததை இச்சிறு கூட்டம் அறியும். இல்லாதது பொருள் என்பர். ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் மேடையில் அணிவிக்கப்பெறும் பொன்னாடைகளுக்கும் மாலைகளுக்கும் நினைவுப் பரிசுகளுக்கும் ஆகும் செலவை ஒருமுறை கணக்கிட்டால், ஒரு முதுகலை மாணவியின் தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும் அதிலேயே அடங்கக் காணலாம். பொன்னாடை பெறும் மூத்தோரும் அதனைத் தவறாகக் கொள்ளார். அவர்களுள் பலர் கடன்பட்டுக் கற்றவர்களே.

அத்தகைய சிறு நிதி ஒன்று அமையுமாயின், நான்கு நெறிகள் அதற்கு வேண்டும். தொகை சிறிதாயினும் குறித்த நாளில் சேரவேண்டும். நீட்டித்த பரிசில் கடனாளியைத்தான் உருவாக்கும். முதல் மதிப்பெண் ஒன்றையே அளவாகக் கொள்ளாது, மாணவர் எழுதியதைப் படித்துத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். மேடையேற்றி அவர் வறுமையைப் பேசுதல் ஆகாது. கொடுத்தவரைப் பாடுமாறு எதிர்பார்த்தலும் ஆகாது. அவர் தம் ஆய்வை முடித்து ஒருநாள் இவ்வவையில் படித்துக் காட்டுவதே கைம்மாறு.

பெருஞ்சித்திரனார் மறுத்தது பொருளை அன்று. தம்மைக் காணாத கையை. இவ்வட்டம் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது. அடுத்த ஆண்டு விழா அழைப்பிதழில் பாராட்டுப் பெறுவோர் பெயர்களுக்குக் கீழே, இன்னும் எந்த நூலும் எழுதாத ஒரு மாணவரின் பெயரும் இடம்பெறுமாயின், இப்பத்தாண்டுப் பணி தன் தொடர்ச்சியைக் கண்டுகொண்டது எனலாம்.