ஏழு நிமிட வேலையும் ஐந்து நாள் காத்திருப்பும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2010-ல் இயந்திரவியல் முடித்துவிட்டு இந்த வாசலைத் தாண்டிப் போனவன் நான். அன்றிலிருந்து திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறேன். "மெக்கானிக்கல் படிச்சிட்டு பனியன் கம்பெனிக்கா போற?" என்று கேட்காத சொந்தக்காரர் எங்கள் வீட்டில் பாக்கி இல்லை. அந்தக் கேள்விக்குப் பதினைந்து வருடம் தாமதமாகச் சொல்லும் பதில் என்று இந்த உரையை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போட்டிருக்கும் சாதாரண டி-சர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நூல் வாங்கி, நிட்டிங் போட்டு, சாயப்பட்டறைக்கு அனுப்பி, காம்பாக்டிங் முடித்து, கட்டிங் மேசைக்கு வருகிறது துணி. வெட்டியபின் பவர் டேபிள். தையல் பகுதிக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. அங்கே தோள் சேர்ப்பதற்கு ஒருவர், கழுத்துப் பட்டை வைக்க ஒருவர், கை மடித்தடிக்க ஒருவர் என்று ஆளுக்கொரு வேலை. பிறகு பிசிர் வெட்டி, செக்கிங், அயர்னிங், பேக்கிங். தையலுக்கு மட்டும் கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஏழு நிமிடம். ஸ்டாப்வாட்ச் வைத்து ஒவ்வொரு வேலையையும் அளந்து, ஓய்வுக்கும் அசதிக்கும் உரிய நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் உற்பத்திப் பிரிவுக்கு வந்தபோது எங்கள் லைனில் 20 மெஷின்கள் ஓடின. நாளொன்றுக்கு 880 பீஸ் வெளியே வந்தது. சரி, உள்ளே எத்தனை பீஸ் கிடக்கிறது என்று ஒரு நாள் சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன். மெஷினுக்கு அடியில், கூடையில், ஜன்னல் ஓரம், செக்கிங் மேசைக்குப் பின்னால் என்று எல்லாம் சேர்த்து 4,400. இதை 880-ஆல் வகுத்துப் பாருங்கள், ஐந்து நாள். அதாவது இன்று லைனுக்குள் நுழையும் ஒரு பீஸ் ஐந்தாம் நாள்தான் வெளியே தலை காட்டும். எட்டு மணி நேர ஷிப்ட் ஐந்து என்றால் 2,400 நிமிடம். அதில் ஊசி ஓடியது ஏழு நிமிடம். மீதி 2,393 நிமிடமும் அது சும்மா கிடந்திருக்கிறது!

இந்த வகுத்தலுக்கு ஒரு பெயர் உண்டு. ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் கணித முறைப்படி நிரூபித்தது. 'லிட்டில் விதி' என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நானும் இங்கேதான் படித்தேன், இரண்டு மார்க் கேள்வியாக. பேங்க் க்யூவுக்கும் ஆஸ்பத்திரி க்யூவுக்கும் பொருந்துவது பனியன் பண்டலுக்கும் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது என்பதை அந்தச் சாயங்காலம் கண்டேன்.

குவியல் எங்கிருந்து வருகிறது? கழுத்துப் பட்டை வைக்கும் ஓவர்லாக்கில் மணிக்கு 110 பீஸ்தான் போகும். அதற்கு முந்தைய வேலையில் 140 வரும். மணிக்கு 30 வீதம் எட்டு மணி நேரத்தில் 240 பீஸ் அந்த மெஷின் முன்னால் ஏறிவிடும். நாள் முழுக்க மற்ற 19 மெஷின்களையும் எவ்வளவு விரட்டினாலும் லைன் தருவது 110 தான். இதைத் தெரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை, எந்த மெஷின் முன்னால் மலை இருக்கிறது என்று பார்த்தால் போதும். ஆனால் எங்கள் கட்டிங் மாஸ்டருக்கோ, "முன்னாடியே வெட்டிப் போட்டுட்டா வேலை ஓடிரும்" என்பது வேதவாக்கு. வெட்டி வெட்டி உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பார். அடைத்துக்கொண்ட சாக்கடையில் இன்னும் தண்ணீர் ஊற்றுகிற கதை.

"கிடந்தா கிடக்கட்டுமே, என்ன நஷ்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். முதல் நஷ்டம் தரத்தில். கழுத்துப் பட்டையை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இழுத்துப் பிடித்துத் தைத்தால் கழுத்து சுருக்கம் விழும். அது செக்கிங் மேசையில் தெரிய வரும்போது அதே தப்போடு ஆயிரக்கணக்கில் வழியிலே நிற்கும். பையர் தரப்பு ஆய்வாளர் வந்தால் 8,000 பீஸ் ஆர்டரில் 200 பீஸை உருவிப் பார்ப்பார். வழக்கமான 2.5 அளவுகோலின்படி 10 பீஸ் வரை பழுது இருந்தால் பாஸ். 11 என்றால் முழு ஆர்டரும் பெட்டி பிரித்து மறுசெக்கிங்.

இரண்டாவது நஷ்டத்தை யாரும் ஏட்டில் எழுதுவதில்லை. தூத்துக்குடியில் கப்பல் புறப்படும் தேதி மாறாது. லைனில் தொலைந்த நாட்களை எங்கேயாவது பிடித்தாக வேண்டும். விமானத்தில் அனுப்பினால் லாபம் முழுக்க அந்தக் கட்டணத்தில் போய்விடும். ஆகவே முதலில் ஒரு ஷிப்ட் ஒன்றரை ஆகும், பிறகு இரண்டாகும், ஞாயிற்றுக்கிழமையும் சேரும். 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது, மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. கடைசி வாரத்தில் அதை நினைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். எட்டு மணிக்குப் பிள்ளைக்குச் சோறு போட வேண்டிய ஒரு தாய் பத்து மணிக்கும் ஓவர்லாக்கில் உட்கார்ந்திருப்பாள். எங்கள் திட்டமிடலின் கோளாறு அவள் முதுகில் போய் இறங்கும்.

எங்கள் முதலாளியிடம் பேசி ஒரு லைனில் மட்டும் மாற்றிப் பார்க்க அனுமதி வாங்கினேன். 25 பீஸ் பண்டலைப் பத்தாகக் குறைப்பது, எந்த மெஷின் முன்னாலும் மூன்று பண்டலுக்கு மேல் நிற்கக் கூடாது, முன்னால் இடம் இருந்தால்தான் பின்னால் இருப்பவர் தைத்து அனுப்ப வேண்டும். காகிதத்தில் அருமையாக இருந்தது. அரை மணி நேரம் விளக்கினேன். கேட்டு முடித்த ஒரு அக்கா, பதினெட்டு வருட அனுபவம் உள்ளவர், மெதுவாகக் கேட்டார்: "ஏனுங் தம்பி, பண்டல் இல்லீன்னா நான் சும்மா உக்கோந்திருக்கோணும். சாயந்திரம் எதை எண்ணிக் காசு வாங்கறதுங்க?"

எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத கேள்வி அது. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு மெஷின் முன்னால் நிற்கும் குவியல் என்பது நாளைய கூலிக்கு உத்தரவாதம். என் கண்ணுக்கு அது முடங்கிப்போன சரக்கு. அவருக்கு அது அரிசிப் பானை. அதை எடுத்துக்கொண்டால் பதிலுக்கு வேறொன்றைக் கொடுக்க வேண்டாமா? லைனைச் சமன் செய்வது பற்றி எழுதும் நம்முடைய பெரும்பாலான மேலாண்மைப் புத்தகங்கள் மாதச் சம்பளக்காரர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டவை என்பது என் அபிப்பிராயம்.

மறுபடியும் முதலாளியிடம் போனேன். அந்த லைனுக்கு முந்தைய மூன்று மாதச் சராசரி வருமானத்தை ஷிப்ட் கூலியாக உறுதி செய்வது, லைன் மொத்தமும் கூடுதலாகத் தந்தால் அதை எல்லோருக்கும் பகிர்வது என்று பேசி முடிக்க மூன்று வாரம் பிடித்தது. "உத்தரவாதம் குடுத்தா சோம்பேறி ஆயிருவாங்க" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அதே அக்காதான் கை மடித்தடிக்கும் பெண்ணுக்குக் கழுத்துப் பட்டை பழக்கினார். அந்தப் பெண் ஒடிசாவிலிருந்து வந்தவள். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. துணியைப் பிடித்துக் காட்டியே சொல்லிக்கொடுத்தார். குவியல் சேரும் நேரத்தில் அந்தப் பெண் இரண்டாவது ஓவர்லாக்கில் வந்து உட்காருவாள். மணிக்கு 110 என்பது 125 ஆயிற்று. நாளுக்கு ஆயிரம் பீஸ். லைனுக்குள் நிற்கும் சரக்கும் ஏறத்தாழ ஆயிரத்துக்குள் வந்தது. ஐந்து நாள் ஒரு நாளாயிற்று. கழுத்து சுருக்கம் விழுந்தால் மறுநாளே தெரிந்தது. அந்த ஆர்டரில் அந்த லைனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை வரவில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் கதை அளக்கப் போவதில்லை. லைனில் நான்கு நாள் மிச்சப்படுத்தினால் சாயப்பட்டறையில் பத்து நாள் போகும். ஒரே நிறம் இரண்டு லாட்டில் இரண்டு சாயலாக வரும். உடம்பு ஒரு லாட், கை ஒரு லாட் என்று கலந்துவிட்டால் டி-சர்ட் இரண்டு நிறமாகத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில், 2011 ஜனவரி 28 அன்று, நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. துணியெல்லாம் வெளியூருக்குப் போய்ச் சாயம் ஏறி வந்தது. எந்த அட்டவணையும் நிற்கவில்லை. ஊரில் பலர் தீர்ப்பைத் திட்டினார்கள். ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத் தண்ணீரையும் அதன் கீழே பாழான வயல்களையும் பார்த்தவர்கள் திட்ட மாட்டார்கள். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை அதன்பிறகுதான் ஊரில் ஊன்றியது. அந்தச் செலவும் அந்த நேரமும் இப்போது எங்கள் உற்பத்திக் கணக்கில் முறையாகவே ஏறுகின்றன. முன்பு அதை விவசாயி கட்டிக்கொண்டிருந்தார்.

தேதிக்காக ஓடுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ராணா பிளாசாவைச் சொல்ல வேண்டும். வங்கதேசத்தில் டாக்காவை அடுத்த சாவரில் இருந்த எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் கண்டார்கள். கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியே அனுப்பிவிட்டது. மேல்மாடிகளில் இருந்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்குக் கூப்பிட்டார்கள். கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். ஷிப்மெண்ட் அவசரம் அதற்கு ஒரு காரணம். அங்கேயும் ஒரு உற்பத்தி மேலாளர் இருந்திருப்பார், கையில் ஒரு அட்டவணையோடு. "இன்னிக்கு லைன் ஓடாது" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்ததா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. எனக்கு இருக்கிறதா என்றும்.

கடைசியாக, இறுதியாண்டுத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். துணி சாயப்பட்டறையை விட்டு வருவதற்கும் கட்டிங் மேசையில் ஏறுவதற்கும் இடையில் எங்கே, எத்தனை நாள் கிடக்கிறது என்பதை யாரும் இதுவரை எங்களுக்கு முறையாக அளந்து தரவில்லை. பிராஜெக்ட்டுக்கு அருமையான விஷயம். இரண்டு பேர், மூன்று மாதம். தங்க இடமும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. ஸ்டாப்வாட்ச் எடுப்பதற்கு முன்னால், யார் பக்கத்தில் நிற்கிறீர்களோ அவர்களிடம் எதற்கு என்று சொல்லிவிட்டு எடுக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ஷிப்ட் காலை எட்டரைக்கு. எட்டேகாலுக்கு கேட் பக்கம் வந்தால் நானே உள்ளே கூட்டிக்கொண்டு போகிறேன்.