முதன்மை பெற்றான், மேடை பெறவில்லை!



"தகுதி இருந்தால் போதும், தடை ஏது?" என்று கேட்போர் உளர். திறமைக்குத் திரையிட எவராலும் முடியாது என்று திண்ணைதோறும் தீர்ப்பளிப்போரும் உளர். அவர்களோடு வாதாட இன்று நான் வரவில்லை. ஒரு மாணவனை அழைத்து வந்திருக்கிறேன். அவன் உயிரியல் படித்தவன். மிகப் பெரிய பல்கலைக் கழகத்திலே அல்ல, சின்னஞ்சிறு கல்லூரியிலே! அவனை உங்கள் முன் நிறுத்துகிறேன். கேள்வியை அவனிடமே கேளுங்கள்.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு வந்தவன் உயிரியல் பட்டப்படிப்பைப் பற்றிப் பேசுவதா என்று முன்வரிசையிலே இருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பேசலாம், நண்பர்களே! தேர்வு எழுதத்தான் நுழைவுச் சீட்டு வேண்டும். வியந்து நிற்பதற்கு வேண்டியதில்லை.

அமெரிக்க நாட்டின் வடகிழக்கிலே, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலே, ஹானோவர் என்றொரு சிற்றூர். அங்கே 1769-இல் நிறுவப்பட்டது டார்ட்மவுத் கல்லூரி. பல்கலைக் கழகமாக வளர்ந்த பிறகும் 'கல்லூரி' என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறது. 1818-இல் அதற்காக உச்சநீதிமன்றத்திலே வாதாடிய டேனியல் வெப்ஸ்டர், அது சிறிய கல்லூரிதான் என்று சொல்லியே நீதிபதிகளின் நெஞ்சை உருக்கினார் என்பர். 1903-இல் அந்தக் கல்லூரி வாயிலிலே வந்து நின்றான் கறுப்பின இளைஞன் ஒருவன். பெயர் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட். ஆங்கிலத்திலே 'ஜஸ்ட்' என்றால் நேர்மை, நியாயம் என்று பொருள். பெயரிலே இருந்த நியாயம் வாழ்விலே கிடைத்ததா? அதைத்தான் சொல்லப் போகிறேன்.

1883-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரிலே பிறந்தவன். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து பதினெட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டத்திலே ஒழிந்தது சந்தையிலே, சாலையிலே, பள்ளியிலே ஒழிந்துவிடவில்லை. நான்கு வயதிலே தந்தையை இழந்தான். தாய் மேரி, பள்ளியிலே பாடம் சொன்னாள். பள்ளி மூடியிருக்கும் நாட்களிலே பாஸ்பேட் சுரங்கத்திலே பாடுபட்டாள். ஏட்டைப் பிடித்த அதே கை, மண்வெட்டியையும் பிடித்தது! அந்தத் தாய்தான் மகனை வடக்கே படிக்க அனுப்பியவள். அங்கே உயர்நிலைப் பள்ளியிலே நான்காண்டுப் படிப்பை மூன்றே ஆண்டுகளில் முடித்தான் மகன். பட்டயத்தைக் கொண்டுபோய்க் காட்டத் தாய் இல்லை. இடையிலேயே இறந்துவிட்டாள்.

டார்ட்மவுத்திலே கிரேக்கம் கற்றான், வரலாறு கற்றான். ஆனால் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது உயிரியல். வில்லியம் பேட்டன் என்ற விலங்கியல் பேராசிரியர் அங்கே இருந்தார். ஒரு முட்டை, கண்ணுக்கு ஒரு துளி. அதற்குள்ளிருந்து கண்ணும் காலும் முதுகெலும்பும் எப்படிப் புறப்பட்டு வருகின்றன? இந்தக் கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது. பிடித்தது, சாகும்வரை விடவில்லை.

சிறிய கல்லூரியின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. பெரிய கூடங்களிலே ஆசிரியர் ஒரு கோடியிலே, மாணவன் மறுகோடியிலே. இடையிலே எண்ணற்ற தலைகள்! சிறிய இடத்திலோ, ஒரே மேசை, ஒரே நுண்ணோக்கி, ஆசிரியரின் தோளருகே மாணவனின் தோள். மருத்துவக் கல்லூரியிலே இடம் கிட்டாததால் விலங்கியலுக்கு வந்தோமே என்று வாடிய முகத்தோடு இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களே, உங்களுக்காகவே இதைச் சொல்கிறேன். தவளையை அறுத்து, பெயரெழுதி, மதிப்பெண் வாங்கிச் செல்வது மட்டுமா உயிரியல்? உயிரை உற்றுப் பார்க்கக் கற்பது உயிரியல்!

1907-இல் பட்டம் பெற்றான். அவ்வாண்டு அக்கல்லூரியிலே 'மாக்னா கும் லாடே' என்ற உயர்தனிச் சிறப்பைப் பெற்றவன் ஒருவன். ஒருவனே ஒருவன்! ஜஸ்ட்! தாவரவியலிலும் வரலாற்றிலும் தனிச்சிறப்பு வேறு. அப்படியானால் பட்டமளிப்பு விழாவிலே மாணவர் சார்பில் மேடையேறிப் பேசியவன் அவன்தானே? இல்லை! ஒரு கறுப்பு மாணவனுக்கே எல்லாப் பெருமையும் போய்ச் சேர்வது அழகல்ல என்று அவையினர் கருதினர் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் பதிந்திருக்கின்றனர். கென்னத் மேனிங் 1983-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றைத் தேடிப் படியுங்கள். படித்த பிறகு தூக்கம் வந்தால் என்னிடம் சொல்லுங்கள்!

தகுதி இருந்தது. திறமை இருந்தது. அளந்தவர்கள் அவர்களே, அளவுகோலும் அவர்களுடையதே, முதல்வன் என்று எழுதியதும் அவர்கள் கையே. மேடை மட்டும் இல்லை. நாடகம் எழுதுபவன் நான். அந்த விழாக் காட்சியை எழுத எத்தனையோ முறை அமர்ந்தேன். நாயகனுக்கு வசனமே இல்லாத காட்சியை எப்படி எழுதுவது?

பட்டம் பெற்ற பின்? வெள்ளையர் பல்கலைக் கழகம் எதுவும் அவரை ஆசிரியராக ஏற்கும் காலமன்று அது. வாஷிங்டனிலே கறுப்பின மக்களுக்காக 1867-இல் தோன்றிய ஹவார்டு பல்கலைக் கழகம் கதவைத் திறந்தது. முதலில் அவர் கற்பித்தது ஆங்கிலம், பிறகே விலங்கியல். ஆண்டு முழுதும் பாடச் சுமை. ஆராய்ச்சி எப்போது? கோடை விடுமுறையிலே! 1909 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், கோடைதோறும், மாசசூசெட்ஸ் கடற்கரையிலே உள்ள உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்துக்குச் சென்றார். அங்கே பிராங்க் லில்லி என்ற அறிஞர் அவரை அரவணைத்தார். அந்த லில்லி தலைமையேற்றிருந்த சிகாகோ பல்கலைக் கழகத்து விலங்கியல் துறையிலேயே 1916-இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அங்கே அவர் கண்டதென்ன? கோடை இரவுகளிலே நெரீஸ் என்னும் கடற்புழுக்கள் திரள் திரளாக நீர்மட்டத்துக்கு வரும். படகுத்துறையிலே விளக்கைப் பிடித்தால் வெளிச்சத்தைச் சுற்றி வட்டமிடும். வலையிலே பிடித்து, முட்டைகளைக் கண்ணாடிக் கிண்ணத்திலே இட்டு, இரவெல்லாம் விழித்திருந்து பார்ப்பார் ஜஸ்ட். 1912-இல் வெளியிட்ட முதல் ஆய்வுரையிலே சொன்னார்: விந்தணு முட்டையின் எந்தப் புள்ளியிலும் நுழையலாம், நுழைவாயில் என்று முன்கூட்டியே குறித்து வைத்த இடம் எதுவுமில்லை. ஆனால் எங்கே நுழைந்ததோ அந்தப் புள்ளியின் வழியாகத்தான் முட்டையின் முதற்பிளவு செல்லும்!

முன்கூட்டியே குறித்த வாயில் இல்லையாம்! இதை அரசியலுக்கு இழுத்து வந்து உவமை சொல்ல என் நாக்குத் துடிக்கிறது. வேண்டாம், அவர் புழுவைப் பற்றிச் சொன்னதைப் புழுவோடே விடுகிறேன்.

இன்னொன்று. முட்டை வாளாவிருக்கும், விந்தணுவே வினையாற்றும் என்று எண்ணியவர் பலர். உயிரணுவின் நடுவே இருக்கும் உட்கருதான் அரசன், மற்றதெல்லாம் பரிவாரம் என்றனர். ஜஸ்ட் மறுத்தார். ஒரு விந்தணு தொட்டவுடன் முட்டையின் மேற்பரப்பிலே ஒரு மாற்றம் அலைபோல் பரவுகிறது. அது பரவியபின் மற்றொரு விந்தணு உள்ளே நுழைய இயலாது என்று காட்டினார். முட்டை செயலற்றதன்று, அதன் விளிம்பே விழித்திருக்கிறது என்றார். அந்தக் கருத்தையெல்லாம் திரட்டி 1939-இல் நூலாக்கினார். உயிரணு மேற்பரப்பின் உயிரியல் என்பது அதன் பெயர். கடலுயிர் முட்டைகளைக் கெடாமல் கையாளும் முறைகளைக் கூறும் கையேடு ஒன்றும் அவ்வாண்டே வந்தது. கிண்ணம் தூய்மையாக இல்லையென்றால் முடிவும் தூய்மையாக இராது என்பதிலே அவருக்கு அப்படியொரு பிடிவாதம். முட்டை கெட்டுப்போனால் வெள்ளை அறிஞர்களும் அவரிடம்தான் ஓடி வந்து வழி கேட்பார்கள். வழி கேட்டார்கள், வேலை கொடுத்தார்களா? கொடுக்கவில்லை!

சலித்துப்போய் ஐரோப்பா சென்றார். 1929-இல் நேப்பிள்ஸ், 1930-இல் பெர்லினிலே கைசர் வில்ஹெல்ம் உயிரியல் நிலையம். அங்கே அவரை அறிஞர் என்றே அழைத்தனர், நிறத்தை முன்னொட்டாகச் சேர்க்காமல். அந்த நிம்மதியும் நிலைத்ததா? 1933-இல் வந்தான் இட்லர்! ஜெர்மனியின் கதவு சாத்தியது, பிரான்சுக்குப் பெயர்ந்தார். 1940-இல் நாஜிப் படை பிரான்சையும் மிதித்தது; அறிஞர் முகாமிலே அடைக்கப்பட்டார். ஒரு நாட்டிலே நிறவெறி, மறு நாட்டிலே இனவெறி. இரண்டுக்கும் நடுவே ஒரு நுண்ணோக்கியும் ஒரு மனிதனும்!

விடுவிக்கப்பட்டுத் தாயகம் திரும்பினார். உடலிலே கணையப் புற்று குடிபுகுந்திருந்தது. 1941 அக்டோபர் 27-ஆம் நாள் வாஷிங்டனிலே இறந்தார். வயது 58. அமெரிக்க அரசு அவர் முகத்தை அஞ்சல் தலையிலே அச்சிட்டது. எப்போது? 1996-இல்!