படகின் வயிற்றிலிருந்து ஆழம் அறிதல்



நம் கடற்கரைப் பரதவர் ஆழத்தைப் 'பாகம்' என்னும் அளவால் சொல்வர். இரு கைகளையும் அகல விரித்தால் எவ்வளவு நீளமோ, அது ஒரு பாகம். ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கிப் பாகம் பாகமாக எண்ணுவது பழைய வழக்கம். இன்று அக்கயிற்றின் வேலையை ஒலி செய்கிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். படகினின்று புறப்பட்ட ஒலி தரையில் மோதி, பத்தில் ஒரு வினாடியில் மீண்டால், அது போகவரக் கடந்தது 150 மீட்டர். ஆழம் 75 மீட்டர்.

அவ்வொலியை எழுப்பி, எதிரொலியையும் கேட்கும் உறுப்பு ஒரு கைக்குள் அடங்குவது. அதை எங்கே பொருத்துவது என்பதுதான் சிக்கல். பின்புறத்தில் வெளியே தொங்கவிட்டால், மணலில் இழுத்து ஏற்றும் படகுகளில் அது நெடுநாள் நிலைக்காது. அடியில் துளையிட்டுப் பொருத்தலாம். ஆனால், மிதக்கும் பொருளில் துளையிட எவருக்குத்தான் மனம் வரும்? கண்ணாடியிழைப் படகுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. உறுப்பை உட்புறத்தில், அடித்தட்டின் மேலேயே ஒட்டிவிடலாம். ஒலி தட்டை ஊடுருவிச் சென்று, ஊடுருவியே திரும்பும். வலிமை ஓரளவு குறையும். கரையோர ஆழங்களுக்கு அது போதும்.

இதற்குப் பெரும்பகை காற்று. நீரிலிருந்து காற்றுக்குள் புக முயலும் ஒலியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ளே செல்லும். எஞ்சியது முழுதும் திரும்பிவிடும். ஆகவே பசையில் சிக்கிய குமிழிகள் கருவியைச் செவிடாக்கும். நடுவே நுரைப்பலகையோ பால்சா மரமோ வைத்துச் செய்த அடித்தட்டாயின், ஒலி அங்கேயே மடியும். முழுதும் கண்ணாடியிழையான இடமே வேண்டும். படகு விரையும்போது நுரை படியாத பின்பகுதி நன்று.

ஒட்டுமுன் ஒரு சோதனை உண்டு. மிக மலிவானது, ஆயினும் பலர் செய்வதில்லை. பிளாஸ்டிக் பையில் நீர் நிரப்பி, உறுப்பை அதனுள் அமிழ்த்தி, நனைத்த அடித்தட்டின் மேல் பையை அழுத்திப் பிடிக்கவேண்டும். அப்போது காட்டும் ஆழத்தை, உறுப்பை வெளியே கடல்நீரில் அமிழ்த்திப் பெறும் ஆழத்தோடு ஒப்பிடுக. இரண்டும் ஒத்தால் அவ்விடம் தக்கது. பின்னர் தட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கி, எப்பாக்சிப் பிசினைக் குமிழியின்றிக் கலந்து ஊற்றி, உறுப்பைத் திருகித் திருகி அழுத்தினால் எஞ்சிய காற்றும் வெளியேறும். பிசின் இறுகியபின் பெயர்க்க உளிதான் வேண்டும்.

இன்னொன்று: திரையில் தோன்றும் எண், உறுப்புக்குக் கீழுள்ள ஆழமே. பொறியின் விசிறி அதற்கும் அரை மீட்டர் கீழே தொங்குமாயின், 2 மீட்டர் எனக் காட்டும் இடத்தில் விசிறிக்கு மிஞ்சுவது ஒன்றரை மீட்டர். இரவில் முகத்துவாரத்து மணல்திட்டைக் கடப்பவன் அந்த அரை மீட்டரைக் கழித்தே படித்தல் வேண்டும்.