குற்றப்பிரேரணையும் கட்சிக் கணக்கும்

(சுவிற்சர்லாந்து வாழ் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சுவிற்சர்லாந்தில் பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளை ஒன்று, இந்நாட்டின் தலைவர் யார் என்பதை ஆண்டுதோறும் புதிதாக மனனஞ் செய்ய வேண்டியிருக்கின்றது. ஒவ்வொரு ஜனவரி முதலாம் நாளும் தலைவர் மாறிவிடுகின்றார். மாறியதைப் பலர் கவனிப்பதுகூட இல்லை. அதே பிள்ளை வீட்டில் இலங்கைச் செய்திகளைப் பார்க்கும்போது, ஒருவர் சனாதிபதி ஆசனத்தில் அமர்வதும் அதிலிருந்து இறங்குவதும் ஒரு நாட்டின் தலைவிதியாகப் பேசப்படுவதைக் காண்கின்றது. 2022ஆம் ஆண்டு கொழும்பு வீதிகளில் மக்கள் திரண்டபோது, இங்குள்ள இளையோர் மனங்களில் இயல்பாகவே ஒரு கேள்வி எழுந்தது: தவறு செய்த சனாதிபதியைச் சட்டப்படி விலக்க முடியாதா?

முடியும். அதற்கான சட்டம் 1978ஆம் ஆண்டு முதல் இருக்கின்றது. ஆயினும் அச்சட்டத்தின்படி இதுவரை ஒரு சனாதிபதியேனும் விலக்கப்படவில்லை. அதற்கான காரணத்தை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

சட்டம் சொல்வது என்ன?

இலங்கை அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரை இதற்கான வழியை வகுத்துள்ளது. அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறுதல், தேசத்துரோகம், இலஞ்சம், பதவி அதிகாரத்தைத் துர்ப்பிரயோகம் செய்தல், ஒழுக்கக்கேடான குற்றம் ஆகியவற்றை அல்லது உடல், உள நலம் காரணமான நிரந்தர இயலாமையைக் காட்டி, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் சபாநாயகரிடம் எழுத்து மூலம் பிரேரணை கொடுக்கலாம். அதில் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கையொப்பமிட்டிருக்க வேண்டும். அல்லது அரைப்பங்கினர் கையொப்பமிட்டு, குற்றச்சாட்டுகள் விசாரிக்கத்தக்கவை எனச் சபாநாயகர் திருப்தியடைய வேண்டும். பின்னர் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் அது நிறைவேற வேண்டும். அதன்பின் உயர் நீதிமன்றம் விசாரித்து அறிக்கையிட வேண்டும். நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்தால், நாடாளுமன்றம் மீண்டும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் வாக்களிக்க வேண்டும். அப்போதுதான் சனாதிபதி பதவி இழப்பார்.

225 உறுப்பினர் கொண்ட சபையில் அரைப்பங்கு 113. மூன்றில் இரண்டு 150. கடுமையான வழிதான். மக்கள் நேரடியாகத் தெரிவு செய்த ஒருவரைச் சிலரின் கோபத்திற்காக வீழ்த்திவிடக் கூடாது என்பது நியாயமான எண்ணமே. ஆனால் இக்கணக்கின் விளைவு ஒன்றுண்டு. சனாதிபதியின் சொந்தக் கட்சியினரில் ஒரு பகுதியினர் மனச்சாட்சியுடன் எழுந்து நில்லாதவரை, இந்தச் சட்டம் ஏட்டிலேயே உறங்கிக் கிடக்கும்.

1991இல் நடந்தது

ஒரேயொரு தடவை அது உறக்கத்திலிருந்து எழ முயன்றது. 1991 ஓகஸ்ட் மாதத்தின் இறுதியில், சனாதிபதி ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிரான குற்றப்பிரேரணை ஒன்றைத் தாம் ஏற்றுக்கொண்டுள்ளதாகச் சபாநாயகர் எம். எச். முகமது சனாதிபதிக்கு அறிவித்தார். 1989ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆளும் ஐக்கிய தேசியக் கட்சி 125 ஆசனங்களைப் பெற்றிருந்தது. எதிரணியினர் அனைவரும் ஒன்றுசேர்ந்தாலும் 100 பேர்தான். எனவே 113 என்ற எண்ணிக்கையை எட்டுவதற்கு ஆளும் கட்சியினரின் கையொப்பங்கள் இன்றியமையாதவையாக இருந்தன. லலித் அத்துலத்முதலி, காமினி திசநாயக்க, ஜி. எம். பிரேமச்சந்திர முதலிய ஆளும் கட்சியினரே இம்முயற்சியின் முன்னணியில் நின்றனர். சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான எதிர்க்கட்சி அவர்களுடன் கைகோத்தது. கையொப்பங்கள் இரகசியமாகத் திரட்டப்பட்டன.

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை இளையோர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். சனாதிபதி ஓகஸ்ட் 30ஆம் நாள் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை ஒத்திவைத்தார். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே, குற்றஞ்சாட்டும் சபையின் கதவை மூடும் அதிகாரம் இருந்தது. அந்த இடைவெளியில் கட்சி உறுப்பினர்களின் ஆதரவு சனாதிபதிக்காகத் திரட்டப்பட்டது. கையொப்பமிட்டவர்களில் சிலர், எதற்காகக் கையொப்பமிடுகின்றோம் என்பதை அறியாமலே இட்டதாகக் கூறிப் பின்வாங்கினர். ஒக்ரோபர் மாதத்தில், செல்லுபடியான கையொப்பங்கள் போதிய அளவு இல்லையெனச் சபாநாயகர் அறிவித்தார். பிரேரணை அத்துடன் முடிந்தது.

முன்னணியில் நின்றவர்கள் கட்சியிலிருந்து விலக்கப்பட்டனர். கட்சியிலிருந்து விலக்கப்பட்டவர் நாடாளுமன்ற ஆசனத்தையும் இழப்பார் என்பது இலங்கைச் சட்டம். அவ்விலக்கலை உயர் நீதிமன்றம் 1991 டிசெம்பரில் ஏற்றுக்கொண்டது. அவர்கள் புதிய கட்சி தொடங்கினர். அத்துலத்முதலி 1993 ஏப்ரல் 23ஆம் நாளும், பிரேமதாச அதே ஆண்டு மே முதலாம் நாளும், திசநாயக்க 1994 ஒக்ரோபரிலும் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டியவர்களும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் மறைந்தனர். பிரேரணையில் இருந்த குற்றச்சாட்டுகள் உண்மையா பொய்யா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்லவில்லை.

இதுவே இங்கு கவனிக்க வேண்டிய இழப்பு. பிரேமதாச குற்றவாளியா என்ற கேள்விக்கு நாடு விடை தேடவில்லை. யார் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு மட்டுமே விடை தேடியது. குற்றமற்றவராக இருந்திருந்தால் அவருடைய பெயர் துலங்கியிருக்கும். குற்றவாளியாக இருந்திருந்தால் நீதி நடந்திருக்கும். இரண்டுமே நிகழாமற் போயின.

நீதியரசருக்கு ஒரு வேகம்

சனாதிபதியை அசைக்க முடியாத அதே நாடாளுமன்றம், பிரதம நீதியரசரை மிக விரைவாக அகற்றியது. நீதியரசரை அகற்ற 113 வாக்குகள் போதும். திவிநெகும சட்டமூலத்திற்கு மாகாண சபைகளின் கருத்தைப் பெற வேண்டும் என்றும், அப்போது தெரிவு செய்யப்பட்ட சபை இல்லாதிருந்த வடமாகாணத்திற்காக ஆளுநர் இணக்கம் தெரிவிக்க முடியாது என்றும் உயர் நீதிமன்றம் 2012இல் தீர்மானித்தது. அதே ஆண்டு நவம்பரில், பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக 117 கையொப்பங்களுடன் பிரேரணை வந்தது. நாடாளுமன்றத் தெரிவுக்குழு விசாரித்த முறை செல்லாது என நீதிமன்றங்கள் கூறிய பின்பும், 2013 ஜனவரி 11ஆம் நாள் 155 வாக்குகளால் அது நிறைவேறியது. எதிர்த்தவர்கள் 49 பேர். இரண்டரை மாதத்திற்குள் எல்லாம் முடிந்தது. ஆட்சி மாறிய பின்னர், 2015 ஜனவரியில் அந்நீக்கம் செல்லாது என அறிவிக்கப்பட்டு அவர் மீண்டும் பதவியேற்றார்.

ஒரே சபை, ஒரே கட்சி ஒழுக்கம். தன் தலைவரைக் காக்கவும் அதே கைகள் உயர்ந்தன, நீதியரசரை வீழ்த்தவும் அதே கைகள் உயர்ந்தன. எண்ணிக்கையிற் சிறியதான ஓர் இனத்திற்கு இதிலுள்ள ஆபத்தைத் தமிழ்ப் பெற்றோருக்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லுதல் நேர்மையாகும். 2018இல் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் காலத்திற்கு முன் கலைத்தபோது, மறைந்த தலைவர் இரா. சம்பந்தன் உள்ளிட்டோர் உயர் நீதிமன்றத்தை நாடினர். ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அக்கலைப்புச் சட்டவிரோதமானது எனத் தீர்ப்பளித்தனர். நாடாளுமன்றத்தின் எண்ணிக்கையால் ஆகாதது நீதிமன்றத்தில் ஆயிற்று.

2022இல் நெருக்கடி உச்சம் பெற்றபோது நிலைமை மீண்டும் பழைய கணக்கிற்கே திரும்பியது. சனாதிபதி கோத்தபாய ராஜபக்ச மீதான அதிருப்திப் பிரேரணையை உடனடியாக விவாதிப்பதற்கு யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் மே 17ஆம் நாள் முயன்றார். அது பதவி நீக்கும் பிரேரணைகூட அன்று. வெறும் அதிருப்தியைப் பதிவு செய்யும் பிரேரணையே. அதற்கும் 68 பேர் ஆதரவளிக்க, 119 பேர் எதிர்த்தனர். இரண்டு மாதங்கள் கடக்கும் முன்னரே மக்கள் சனாதிபதி மாளிகைக்குள் புகுந்தனர். சனாதிபதி நாட்டை விட்டு வெளியேறி, யூலை 14ஆம் நாள் பதவி விலகினார். சட்டத்தின் வாசல் அடைக்கப்பட்டால் வீதியின் வாசல் திறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

உலகம் கற்றுத்தருவது

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோய் அன்று. அமெரிக்காவில் 1974இல் நிக்சன் பதவி விலகினார் என்றால், அவருடைய சொந்தக் கட்சி மூத்தவர்களே ஆதரவு இல்லை என்று அவரிடம் நேரிற் சென்று கூறியதும் அதற்கு ஒரு காரணம். 2021இல் டிரம்ப் மீதான இரண்டாவது விசாரணையில், செனட் சபையில் அவரைக் குற்றவாளியென 57 பேர் வாக்களித்தனர். அவர்களில் அவருடைய கட்சியினர் எழுவர். தேவைப்பட்டது 67. அவர் விடுவிக்கப்பட்டார்.

தென்கொரியாவில் 2024 டிசெம்பரில் சனாதிபதி யூன் சுக் இயோல் இராணுவச் சட்டத்தை அறிவித்தபோது, எதிர்க்கட்சிகளிடம் 192 வாக்குகளே இருந்தன. தேவை 200. முதல் வாக்கெடுப்பில் ஆளும் கட்சியினர் பெரும்பாலும் வெளிநடப்புச் செய்ததால் பிரேரணை தோற்றது. ஒரு வாரத்தின் பின் 204 வாக்குகளால் அது நிறைவேறியது. ஆளும் கட்சியைச் சேர்ந்த சிலர் மனம் மாறியதே அதற்குக் காரணம். அங்கு வாக்கெடுப்பு இரகசியமானது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 2025 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதியரசர்களும் ஒருமனதாக அந்நீக்கத்தை உறுதி செய்தனர்.

சுவிஸ் நாட்டின் வழி

இனி, வாழும் நாட்டிற்கு வருவோம். புண்டெஸ்ராட் என இங்கு அழைக்கப்படும் சமஷ்டிப் பேரவையில் எழுவர் உள்ளனர். 246 உறுப்பினர் கொண்ட ஒன்றிணைந்த நாடாளுமன்றம் அவர்களை நான்கு ஆண்டுகளுக்குத் தெரிவு செய்கின்றது. பதவிக்காலத்தின் நடுவில் அவர்களைக் குற்றப்பிரேரணையால் நீக்கும் வழி இங்கு இல்லை. அதிகாரம் எழுவரிடம் பகிரப்பட்டிருப்பதால் அதற்கான தேவையும் அரிதாகவே எழுகின்றது. 1988இல், நீதித்துறைக்குப் பொறுப்பாயிருந்த எலிசபெத் கோப், ஒரு நிறுவனம் தொடர்பான விசாரணைத் தகவலைத் தன் கணவருக்குத் தொலைபேசியில் தெரிவித்தமை வெளிவந்தது. அவர் 1989 ஜனவரியில் பதவி துறந்தார். நாடாளுமன்ற விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. நீதிமன்றம் 1990இல் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. நடந்தது என்ன என்ற கேள்வி இறுதிவரை விசாரிக்கப்பட்டது.

ஆனால் சுவிஸ் வரலாறும் களங்கமற்றதன்று. பேர்ண் உட்பட ஆறு மாநிலங்களில், கையொப்பம் திரட்டி வாக்கெடுப்பின் மூலம் மாநில அரசையே திருப்பியழைக்கும் உரிமை மக்களுக்கு உண்டு. ஆர்காவ் மாநிலத்தில் 1862இல் மக்கள் தமது மாநில நாடாளுமன்றத்தையே திருப்பியழைத்தனர். அச்சபை செய்த குற்றம் யாது? யூத மக்களுக்குச் சம உரிமை வழங்கும் சட்டத்தை இயற்றியதே. பதவி நீக்கும் அதிகாரம் பெரும்பான்மையின் கையில் எந்நேரமும் நீதியின் ஆயுதமாக இருப்பதில்லை என்பதை இந்த மண்ணே எடுத்துரைக்கின்றது.

வீட்டிலும் சங்கத்திலும்

பெற்றோர்களே! இலங்கையின் 225 பேரையும் இங்கிருந்து திருத்த இயலாது. ஆனால் ஒவ்வொரு சுவிஸ் தமிழர் கையிலும் ஒரு சிறிய 38ஆம் உறுப்புரை இருக்கின்றது. சங்கம் என்ற சட்ட வடிவில் அமைந்த எந்தத் தமிழ் அமைப்பிலும், ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர் கேட்டால் பொதுக்கூட்டம் கூட்டப்பட வேண்டும் எனச் சுவிஸ் குடியியற் சட்டக்கோவையின் 64ஆம் உறுப்புரை கூறுகின்றது. நிர்வாகத்தினரை எந்நேரமும் நீக்கும் உரிமை பொதுக்கூட்டத்திற்கு உண்டென 65ஆம் உறுப்புரை கூறுகின்றது. தனக்கோ, தன் வாழ்க்கைத் துணைக்கோ, தன் பெற்றோர் பிள்ளைகளுக்கோ சங்கத்துடன் உள்ள பிணக்கில் ஒருவர் வாக்களிக்க முடியாதென 68ஆம் உறுப்புரை கூறுகின்றது.

ஆலயக் கணக்கோ பாடசாலைக் கணக்கோ கேள்விக்குள்ளாகும்போது மண்டபத்தில் முதலில் எழும் பேச்சு எது? "கேட்கிறவர் எந்த ஊர்? யாருடைய ஆள்?" என்பதாயின், 1991இல் கொழும்பில் நடந்தது இங்கும் நடக்கின்றது என்பதே பொருள். கேள்வி கேட்டவரை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்கை மூடிவைக்கும் சங்கம், கூட்டத்தொடரை ஒத்திவைத்த சனாதிபதியிடமிருந்து வேறுபட்டதன்று. பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளை அனைத்தையும் பார்த்துக்கொண்டிருக்கின்றது.

இளையோரே! ஒரு தலைவரை நீக்க வேண்டுமா என்ற விவாதம் எங்கு எழுந்தாலும், உங்களை நீங்களே ஒன்று கேளுங்கள். இதே செயலை எனக்குப் பிடிக்காத தலைவர் செய்திருந்தால் இதே விடையைத்தான் சொல்வேனா? இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தால் நீங்கள் நீதியின் பக்கம் நிற்கின்றீர்கள். வேறுபட்டால், கட்சியின் பக்கம் நிற்கின்றீர்கள். அதை அறிந்துகொள்வதே முதற்படி.

அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேள்வி கேட்கும்போது, அவர் பேசி முடிக்கும்வரை அமைதியாகக் கேளுங்கள். அவருக்கு விடை கிடைக்கும்வரை கணக்கேட்டை மூடவிடாதீர்கள்.