மாநகருக்கு ஒரு தொழில்நுட்பத் தலைவர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

பேராசிரியர்களும் பொறியாளர்களும் அமர்ந்திருக்கும் அவையில், பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட ஓர் இரயில்வே எழுத்தன் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேச வந்தது சற்றுத் துணிச்சலான செயல்தான். சென்ற ஆண்டு செயற்குழுக் கூட்டத்தில், “மாநகராட்சிக்கு ஒரு தொழில்நுட்பத் தலைவர் வேண்டும், அவர் கணினி படித்தவராக இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்” என்று மாதாப்பூரில் பணிபுரியும் நம் இளம் நண்பர் ஒருவர் கூறினார். “அஃது எப்படித் தம்பி?” என்று நான் கேட்டேன். கேட்ட குற்றத்திற்காகச் செயலாளர் என்னை இந்த மேடையில் ஏற்றிவிட்டார்.

அப்படிப்பட்ட பதவி இன்று உலகில் புதிதன்று. நியூயார்க் மாநகரம் 2014-இல் தனக்கென முதன்முதலாகத் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஒருவரை நியமித்தது. வேறு பல நகரங்களும் அவ்வழியே சென்றன. பெயர் புதிதே தவிர, வேலை பழையது. நகரத்தின் நீருக்கும் சாக்கடைக்கும் சாலைக்கும் விளக்குக்கும் அறிவியலைக் கொண்டு வழி சொல்லும் ஒருவர் எக்காலத்திலும் தேவைப்பட்டிருக்கிறார். சென்னைக்காரர்கள் தியாகராய நகரில் மேட்லி சாலை வழியே நாள்தோறும் செல்கிறார்கள். அந்த மேட்லி யார் என்று எத்தனை பேர் அறிவர்? சென்னை மாநகராட்சியின் சிறப்புப் பொறியாளராக இருந்தவர் அவர். 1914-இல் கீழ்ப்பாக்கம் நீர்நிலையம் செயற்படத் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

நம் ஐதராபாத்துக்கு வருவோம். 1908 செப்டம்பர் 28. மூசி ஆற்று வெள்ளத்தைப் பற்றி இங்குள்ள முதியோர் கேட்டிருப்பீர்கள். பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பதினைந்தாயிரம் பேர் மாண்டனர் என்பது பலரும் சொல்லும் கணக்கு. இன்று உஸ்மானியா மருத்துவமனை இருக்கும் வளாகத்தில் ஒரு புளியமரம் நிற்கிறதே, அதன் கிளைகளைப் பற்றிக்கொண்டு ஏறக்குறைய நூற்றைம்பது பேர் உயிர் தப்பினர் என்பர். முடிந்தால் ஒரு நாள் குழந்தைகளை அழைத்துச் சென்று அம்மரத்தைக் காட்டுங்கள். பாடநூலைவிட அது நன்றாகப் பேசும்.

அப்போது ஆட்சியில் இருந்தவர் ஆறாம் நிஜாம் மீர் மகபூப் அலிகான். அவருடைய அரசு அழைத்த மனிதர் மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யா. பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் 1884-இல் சேர்ந்து, கால் நூற்றாண்டுக் காலம் உழைத்து, ஓய்வு பெற்றுக்கொண்டு வெளிநாடுகளில் பயணம் செய்துகொண்டிருந்த நேரம் அது. 1909 ஏப்ரலில் இங்கு வந்து பொறுப்பேற்றார். அவர் பிறந்தது 1861. ஆகவே அப்போது வயது நாற்பத்தேழு. எனக்கும் இப்போது அதே வயது நடக்கிறது. ஒற்றுமை அதோடு முடிந்தது என்பதை என் இல்லத்தரசியார் சபையில் எழுந்து சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

வந்தவர் முதலில் என்ன செய்தார்? ஆற்றங்கரையில் சுவர் எழுப்புங்கள் என்று உடனே ஆணையிடவில்லை. மழை எவ்வளவு பெய்தது, எங்கே பெய்தது, எத்தனை மணி நேரம் பெய்தது என்று கணக்குக் கேட்டார். இங்கே கிடைத்த மழைக் கணக்கு போதவில்லை. அண்டை மாகாணங்களின் புள்ளிகளையும் திரட்டி ஒப்பிட்டுப் பார்த்தார். மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 ஏரிகள் இருந்தன. அவற்றுள் 221 உடைந்துபோயின என்று கண்டறிந்தார். அதாவது, வானத்திலிருந்து விழுந்த மழை மட்டுமன்று நகரத்தை அழித்தது. ஓர் ஏரி உடைந்து அதன் நீர் அடுத்த ஏரியில் பாய, அதுவும் தாங்காமல் உடைய, இப்படி அடுத்தடுத்து உடைந்த ஏரிகளின் நீரும் சேர்ந்தே நகருக்குள் வந்தது. கணக்கெடுக்காமல் கண்ணால் மட்டும் பார்த்தவர்களுக்கு ஆறுதான் தெரிந்திருக்கும், ஏரிகள் தெரிந்திரா.

அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதியிலேயே அறிக்கை முடிந்துவிட்டது. ஆறு மாதத்திற்குள்! நகருக்கு மேலே மூசியின் குறுக்கே ஒன்றும் அதன் துணையாறாகிய ஈசியின் குறுக்கே ஒன்றுமாக இரு நீர்த்தேக்கங்கள். நகருக்குள் ஆற்றின் கரைகளை உயர்த்திப் பூங்காவும் உலாவு சாலையும் அமைத்தல். நகரமெங்கும் முறையான கழிவுநீர்க் குழாய்கள். இவையே அவர் சொன்ன வழிகள். அவ்வாண்டு இறுதியிலேயே அவர் மைசூர் சென்று தலைமைப் பொறியாளர் ஆகிவிட்டார். ஆயினும் வேலை நிற்கவில்லை. 1912-இல் நகர மேம்பாட்டுக் கழகம் தோன்றியது. 1920-இல் உஸ்மான் சாகரும் 1927-இல் ஹிமாயத் சாகரும் முடிந்தன. பின்னதைக் கட்டி முடித்ததில் பெரும் பங்கு கொண்ட நவாப் அலி நவாஸ் ஜங் பகதூர் இந்த மண்ணின் மைந்தர். அவர் பிறந்த ஜூலை 11-ஆம் நாளைத் தெலங்கானம் பொறியாளர் நாளாகக் கொண்டாடுகிறது. வழி சொன்னவர் வெளியூரார், செய்து முடித்தவர் உள்ளூரார். பிழைக்க வந்த ஊரில் வாழும் நமக்கு இச்செய்தி இனிமையானது.

இனி, இவ்வரலாற்றிலிருந்து என் பழைய கேள்விக்கு வருகிறேன். விசுவேசுவரய்யா அணை கட்டத் தெரிந்தவர் என்பது மட்டும் அவருடைய தகுதியாக இருந்திருந்தால், அணை மட்டுமே கட்டச் சொல்லியிருப்பார். அவர் சாக்கடையையும் சேர்த்துச் சொன்னார். கருவியைக் கற்றவன் எங்கும் தன் கருவிக்கே வேலை தேடுவான். ஊரைக் கற்றவனோ நோயை முதலில் பார்த்து, அதற்கேற்ற கருவியைப் பிறகு எடுப்பான்.

இதை நான் என் துறையிலும் கண்டிருக்கிறேன். இரயில்வே முன்பதிவுக்குக் கணினி வந்தது 1985-இல், டில்லியில். 1999-இல் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, நம் செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைந்தன. நான் பணியில் சேர்ந்தபோது, பேரேட்டைப் புரட்டி எழுதிய மூத்தவர்கள் இன்னும் பணியில் இருந்தார்கள். பொதுக் கோட்டா, பெண்டிர் கோட்டா, வழிநிலையக் கோட்டா, காத்திருப்போர் பட்டியல், ஒரு பக்கவாட்டுப் படுக்கையை இருவர் பகிர்ந்துகொள்ளும் ஆர்.ஏ.சி. என்று பேரேட்டில் என்னென்ன சிக்கல்கள் உண்டோ, அத்தனையும் கணினிக்குள்ளும் உள்ளன. கவுண்டரில் நின்று பயணியின் வசவைக் கேட்டவர்களின் அனுபவம் அந்தக் கணினிக்குள் இறங்கியிருக்கிறது. அதனால்தான் இன்றும் அது ஓடுகிறது.

இப்போது என் வீட்டுக் கதை ஒன்று. பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

2020 அக்டோபர் 13-ஆம் நாள் பெய்த மழையை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றும் அடுத்த சில நாட்களிலும் பல்லெ செருவு, குர்ரம் செருவு ஆகிய ஏரிகளின் கரைகள் உடைந்தன. நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே ஏரிக் கதை! எங்கள் தெருவில் எந்த ஏரியும் உடையவில்லை. மழைநீர்க் கால்வாய் அடைத்துக்கொண்டது, அவ்வளவே. முழங்கால் அளவு நீர் வீட்டுக்குள் புகுந்தது. என் அன்னைக்கு அப்போது எழுபத்தெட்டு வயது, நடக்க இயலாதவர். எதிர் வீட்டு ரெட்டிகாரும், பக்கத்து வீட்டு கான் சாகிபின் இரு மகன்களும், நானுமாக நால்வர் கட்டிலோடு தூக்கிச் சென்று கான் சாகிபின் மாடியில் சேர்த்தோம். அன்றிரவு அவ்வீட்டு அம்மையார் என் தாய்க்குப் பால்கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்.

கால்வாய் அடைப்பைப் பற்றி நான் அதற்கு மூன்று வாரம் முன்பே கைப்பேசிச் செயலியில் முறையிட்டிருந்தேன். புகைப்படமும் அனுப்பியிருந்தேன். எந்த அலுவலகம் என்று கூற விரும்பவில்லை. அங்கும் என்னைப் போன்ற ஓர் எழுத்தர்தான் அமர்ந்திருப்பார். ஐந்தாம் நாள், “உங்கள் குறை தீர்க்கப்பட்டது” என்று செய்தி வந்தது. எந்தக் கையும் அக்கால்வாயைத் தொடவில்லை. மீண்டும் முறையிட்டேன். மீண்டும் தீர்க்கப்பட்டது. கட்டிலில் தாயைத் தூக்கிக்கொண்டு நீரில் நடந்தபோது, என் சட்டைப் பையிலிருந்த கைப்பேசியில் அந்தச் செய்தி இன்னும் பத்திரமாக இருந்தது.

அந்தச் செயலியை எழுதியவர் திறமையற்றவர் என்று நான் சொல்ல மாட்டேன். அழகாகவே எழுதியிருந்தார். புகார் எண் தவறாமல் வருகிறது; படம் ஏறுகிறது. ஆனால் ‘தீர்ந்தது’ என்று யார் சொல்ல வேண்டும் என்ற ஒரே ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

எங்கள் நிலையங்களில் சிக்னல் பழுதுப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஒரு சிக்னல் பழுதானால் ஸ்டேஷன் மாஸ்டர் நேரம் குறித்து எழுதிப் பராமரிப்பாளரிடம் கொடுப்பார். பராமரிப்பாளர் சீர்செய்த பிறகு, “சரியாயிற்று” என்று தாமே எழுதிவிட்டுப் போய்விட முடியாது. ஸ்டேஷன் மாஸ்டர் அதனை இயக்கிப் பார்த்து, நேரம் குறித்து, தாமும் கையெழுத்திட வேண்டும். இருவர் கையெழுத்தும் விழுந்த பிறகே அந்தப் பழுது தீர்ந்ததாகும். கணினி இல்லாத காலத்திலேயே வந்த விதி இது. இவ்விதியை அறிந்த ஒருவர் மாநகரின் தொழில்நுட்பத் தலைவராக இருந்தால், “முறையிட்டவர் ஒப்புக்கொள்ளாமல் எந்தப் புகாரையும் மூடாதே” என்று செயலியில் ஒரு வரி சேர்க்கச் சொல்வார். பொருட்செலவு மிகச் சிறிது.

ஆகவே அப்பதவிக்கு வருபவர் கணினி அறிந்திருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அறியாதவரை ஒப்பந்தக்காரர் எளிதில் ஏய்த்துவிடுவார். ஒரே நிறுவனத்தின் பிடியில் நகரமே சிக்கிக்கொள்ளும். ஒப்பந்தப் பத்திரத்தைத் தாமே படித்துப் பொருள் கொள்ளும் அளவுக்கேனும் அறிவு வேண்டும். அதற்குமேல், சேறு படிந்த காலணி அவரிடம் ஒரு சோடி இருக்க வேண்டும். அதிகாரமும் வேண்டும். இங்கே குடிநீருக்கும் கழிவுநீருக்கும் 1989-இல் அமைந்த வாரியம் தனி. பன்னிரண்டு நகராட்சிகளை இணைத்து 2007-இல் உருவான பெருநகர மாநகராட்சி தனி. ஒருவர் கணக்கை மற்றவர் காண முடியாவிட்டால், தொழில்நுட்பத் தலைவர் என்பவர் பெயர்ப் பலகைக்குப் பின்னே அமர்ந்த மனிதராகவே இருப்பார்.

அஞ்சாமையும் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் வெள்ளத்தைத் தடுக்கப் பிறந்தவை. பின்னர்க் குடிநீரும் தந்தன. வெள்ளத்தைத் தடுக்க வேண்டுமானால் மழைக்காலத்தில் ஏரியில் வெற்றிடம் இருக்க வேண்டும். குடிநீர் வேண்டுமானால் நிரம்பி இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே எந்த நாளில் எத்தனை அடி என்று ஒருவர் முடிவு சொல்லியாக வேண்டும். எந்த முடிவு சொன்னாலும் ஒரு சாரார் ஏசுவர். அளவுமானியும் கணினியும் நீர்மட்டத்தைக் காட்டும். ஏச்சைத் தாங்கிக்கொள்ள மாட்டா. ஆண்டுக்கொரு முறை இடமாற்றம் பெறும் அதிகாரியால் அதைத் தாங்க முடியுமா என்பதையும் ஆட்சியாளர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாதாப்பூர் நண்பர் இப்போது முன் வரிசையில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் எனக்குக் கோபமில்லை. அவர் பத்து நாள் விடுப்பில் எங்கள் தெருவுக்கு வந்து கால்வாயின் ஓட்டத்தை வரைபடமாக்கித் தந்தால், அந்தப் பதவிக்கு அவரையே நான் முன்மொழிவேன்.

நான் சொல்லிய அந்த ஒற்றை வரியை, அதாவது முறையிட்டவரின் ஒப்புதல் இன்றிப் புகாரை மூடலாகாது என்பதை, ஒரு விண்ணப்பமாகத் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். தெலுங்கை ரெட்டிகார் திருத்திக் கொடுத்தார். முதல் கையெழுத்து கான் சாகிபுடையது; இரண்டாவது என் அன்னையின் கைந்நாட்டு. செயலாளரின் மேசை மீது அத்தாள் இருக்கிறது. உணவுக்குச் செல்லுமுன் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டுத் தெருவின் பெயரையும் எழுதிவிட்டுச் செல்லுமாறு வேண்டிக்கொள்கிறேன். திங்கட்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன்; நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்கு முத்திரையும் வாங்கி வருவேன்.