அளந்து குடிக்க வேண்டிய மருந்து

(மத்தூரில் ஆதரவாளர்கள் கூடிவந்தபோது மருத்துவமனை சாப்ளின் ஆற்றிய உரை)



இன்று நான் பேசத் தெரிந்துகொண்ட பொருள் மிகவும் சாதாரணமானது. நம்மில் அநேகருடைய வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு பாட்டில். ஜெலுசில், டைஜீன் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறோமே, அந்த வயிற்றெரிச்சல் மருந்து. நான் மருத்துவன் அல்ல. ஆனால் கட்டிலருகே உட்கார்ந்து பேசுகிறவனிடம், டாக்டரிடம் சொல்லாததையும் நோயாளிகள் சொல்லுவார்கள். "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்கும்போது "இல்லை ஐயா" என்பார்கள். பையைத் திறந்தால் இந்தப் பாட்டில் இருக்கும். அதை அவர்கள் மருந்தாகவே எண்ணுவதில்லை. ஆகவே நம் மருத்துவர்களிடம் கேட்டறிந்ததை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் அவனுடைய வயிற்றைப் பற்றியும் அக்கறைப்படுகிறார். திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர், அளவையும் குறைத்தே சொன்னார். இன்று எந்த டாக்டரும் அல்சருக்குத் திராட்சரசம் எழுதிக் கொடுக்கமாட்டார்! ஆனால் மருந்துக்கு அளவு உண்டு என்பது இன்றைக்கும் பொருந்தும்.

மிஷன் மருத்துவமனைகளுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் நெடுநாளைய உறவு உண்டு. 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்த டாக்டர் ஹோவர்டு சோமர்வெல், பயணம் முடிந்தபின் நெய்யூர் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார். காத்திருந்த ஜனத்திரளையும் மருத்துவர்களின் குறைவையும் கண்டு, அங்கேயே ஊழியம் செய்யத் தீர்மானித்தார். அன்றைய திருவிதாங்கூரில் குடற்புண் நோயாளிகள் மிகுதி. நிலையான குணம் தரும் மருந்து அப்போது இல்லை, கத்தியே வழி. வயிற்று அறுவைச் சிகிச்சையில் அவர் பேர்பெற்றவரானார். பிற்காலத்தில் வேலூர் சி.எம்.சி.யிலும் பணிசெய்தார்.

இன்று நிலைமை வேறு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியே பெரும்பாலான வயிற்றுப் புண்களுக்குக் காரணம் என்று கண்டார்கள். 1982-ல் அதைப் பிரித்து வளர்த்தார்கள். பலர் நம்பாததால், 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, வயிறு அழன்றதைக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த பெரிய காரணம் வலி மாத்திரைகள்: ஆஸ்பிரின், டைக்ளோபினாக், இபுப்ரோஃபென் போன்றவை.

இதை ஏன் சொல்லுகிறேன்? நாம் குடிக்கும் திரவம் கிருமியைக் கொல்வதில்லை. அதிலுள்ள அலுமினிய, மெக்னீசிய உப்புகள் வயிற்றில் சுரந்திருக்கும் அமிலத்தைக் கொஞ்ச நேரம் தணிக்கின்றன. அவ்வளவுதான். எரிச்சல் அடங்கும், புண்ணின் காரணம் அப்படியே இருக்கும். கிருமி இருந்தால் டாக்டர் தரும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளைச் சொன்ன நாள் முழுவதும் சாப்பிட வேண்டும்.

இனி உபயோகிக்கும் முறை. மருந்து அடியில் தங்கிவிடும். எனவே பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். பாட்டிலில் வாய் வைத்துக் குடிக்கலாகாது. வீட்டுக் கரண்டியும் வேண்டாம். கூட வரும் அளவு மூடியில், டாக்டரோ லேபிளோ சொன்ன அளவே குடிக்கவேண்டும். வெறும் வயிற்றில் குடித்தால் பலன் சீக்கிரம் போய்விடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் சுமார் மூன்று மணி நேரம் நிற்கும். ஆனால் சுக்ரால்ஃபேட் என்ற திரவம் வேறு வகை. அது புண்ணின் மேல் படலம்போல் படியும், வெறும் வயிற்றில்தான் குடிக்கவேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் பெயரை வாசியுங்கள்.

இந்த மருந்து மற்ற மருந்துகளை உடலில் சேரவிடாமல் தடுக்கும். இரும்புச் சத்து மாத்திரை, டெட்ராசைக்ளின், காசநோய்க்கான ஐசோனியாசிட் ஆகியவற்றுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை. சிப்ரோஃப்ளாக்சசினை இதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். அலுமினியம் மலச்சிக்கலையும் மெக்னீசியம் பேதியையும் உண்டாக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இவ்வுப்புகள் உடலில் தங்கித் தீங்கு செய்யும். டாக்டரைக் கேளாமல் தொடவேண்டாம்.

2023 ஆகஸ்டில் நடந்த ஒன்றைக் கவனியுங்கள். ஒருவர் வாங்கிய டைஜீன் ஜெல் பாட்டில் ஒன்று வழக்கம்போல் இளஞ்சிவப்பாகவும் இனிப்பாகவும் இருந்தது. அதே தொகுதியைச் சேர்ந்த மற்றொன்று வெண்மையாய், கசப்பாய், நெடியோடு இருந்தது. அவர் புகார் செய்தார். அபாட் நிறுவனம் கோவா ஆலையில் தயாரான ஜெல்லைத் தானாகவே திரும்பப் பெற்றது. மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகமும் ஆகஸ்ட் 31-ல் மக்களை எச்சரித்தது. ஒருவருக்கும் உடல்நலக் கேடு நேர்ந்ததாகத் தகவல் இல்லை என்று நிறுவனம் கூறியது. நிறமும் மணமும் ருசியும் மாறியதை ஒருவர் கவனித்துச் சொன்னதால் நாடு முழுவதும் ஜாக்கிரதையானது. பில்லையும் தொகுதி எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். காலாவதித் தேதி பாருங்கள்.

கடைசியாக, உயிருக்கடுத்த காரியம். வார்டில் நான் சந்தித்த ஒரு சகோதரர் இரவு ஷிப்ட் வேலைக்காரர். இடுப்பு வலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை. அதனால் வந்த எரிச்சலுக்கு இந்தத் திரவம். மாதக்கணக்காக இரண்டும் நடந்தது. மலம் தார்போல் கறுத்தபோதும் "சூடு" என்று இருந்துவிட்டார். மயங்கி விழுந்தபின் தூக்கிவந்தார்கள். இரத்தம் ஏற்றிப் பிழைத்தார். "எரிச்சல் நின்றதே ஐயா, சரியாகிவிட்டது என்று நினைத்தேன்" என்றார்.

ஆகவே கறுப்பு மலம், இரத்த வாந்தி, காப்பித்தூள் போன்ற வாந்தி, காரணமில்லாத எடைக்குறைவு, விழுங்கச் சிரமம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் பாட்டிலைத் தேடாதீர்கள், மருத்துவமனைக்கு வாருங்கள். நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்வை, மூச்சுத்திணறல், இடது கையில் வலி இருந்தால் அதைக் "கேஸ்" என்று எண்ணி மருந்து குடித்துக் காத்திருக்க வேண்டாம். மாரடைப்பாக இருக்கலாம், உடனே 108-ஐ அழையுங்கள். வேறு ஆபத்துக் குறி இல்லாவிட்டாலும், இரண்டு வாரத்திற்கு மேல் இந்த மருந்து தேவைப்பட்டால் டாக்டரைப் பார்க்கவேண்டும்.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். உங்கள் சபையில் ஷிப்ட் வேலைக்குப் போகும் வாலிபருக்கும், வலி மாத்திரை சாப்பிடும் முதியோருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் இரத்தம் கக்கி வருவதற்கு முன்னே, நடந்து வரட்டும். கர்த்தர் உங்களுக்கு நல்ல சுகம் தருவாராக.