மார்கழி வாத்துக்கு ஈரம் ஆகாது

கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் பத்தமடை வயல்களில் பிசானப் பருவ நெல் பச்சை கட்டி நிற்கிற மாதம் மார்கழி. அறுவடை முடிந்த கார்ப் பருவ வயலில் சிந்தின நெல்லையும் நத்தையையும் பொறுக்கித் தின்ற வாத்துக்கு இப்போது மேய இடமில்லை. பெரும்பாலான பொழுதும் பட்டியில்தான்.

வாடைக்காற்றுக்கு வாத்து அஞ்சாது. வாலடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து இறகெல்லாம் பூசிக்கொள்ளும். மேலிறகில் தண்ணீர் ஒட்டாது. உள்ளிருக்கும் மென்தூவி உடம்புச் சூட்டைக் காக்கும். காலிலே பாதத்துக்கு இறங்கும் சூடான ரத்தமும், மேலேறும் குளிர்ந்த ரத்தமும் ஒட்டினாற்போல ஓடுகின்றன. அதனால் சூடு பாதம் வழியே வீணாகாமல் உடம்புக்கே திரும்பிவிடும்.

இந்தக் காப்பைக் கெடுப்பது ராத்திரி படுக்கிற இடத்தின் ஈரம். எச்சமும் சேறும் அப்பினால் இறகில் தண்ணீர் ஊறும், பாதம் புண்ணாகும். அமோனியா நெடி கண்ணையும் மூச்சையும் வாட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே பட்டித் தரையை மேடாக்குங்கள். உமியோ வைக்கோலோ கனமாகப் பரப்பி, நனைந்ததை அன்றன்றே அள்ளிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி வெளியே இருக்கட்டும். தலை முங்குகிற ஆழம் வேண்டும், கண்ணையும் மூக்கையும் வாத்து அதில்தான் கழுவும். மழை அடிக்கிற பக்கம் சாக்குப் படுதா கட்டலாம். கூரையடியில் காற்றுப் போக வழி விடுங்கள்.

தீவனத்திலும் ஈரம் ஆபத்து. பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகளைக் கொன்றது இதுதான். இந்த நஞ்சு வாத்தை, அதிலும் குஞ்சை, வெகு சீக்கிரம் தாக்கும். வாடை அடிக்கிற பிண்ணாக்கை, காசு போனாலும் போகட்டும், போடாதீர்கள்.

குளிர் மெய்யாகவே வாட்டுவது குஞ்சைத்தான். முதல் வாரம் 32 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். சூட்டுக்குப் போட்ட பல்புக்கு அடியில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் குளிர்கிறது. ஓரத்தில் ஒதுங்கி வாய் திறந்து இரைத்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது.

வாத்து பெரும்பாலும் காலை 9 மணிக்குள் முட்டையிட்டுவிடும். அதன்பின் திறந்துவிட்டுப் பட்டியைக் கூட்டுங்கள். மாலையில் அடைக்குமுன் உமியை ஒரு கை அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டையாகப் பிடித்தால் ஈரம் இருக்கிறது, மாற்றுங்கள். உதிர்ந்தால் அன்றைய ராத்திரி வாத்துக்குக் குறையில்லை.